மூன்று ஜக் அம்ரா பீர்

என் வீட்டுக்காரர் பீர் காய்ச்ச ஆரம்பித்தது நான்காவது ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு. மூன்றாவதற்குப் பிறகு கோழி வளர்த்தார். முதல் இரண்டும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்து வந்துவிட்டதால் எதையும் தொடங்க நேரம் கிடைக்கவில்லை. அப்போது கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார், அதையே தொடர்ந்தார். கவிழ்ப்பு என்று ஒன்று நடந்தால் ஃபிஜியில் எங்கள் இந்திய ஜனங்கள் இரண்டாகப் பிரிவார்கள். ஒரு கூட்டம் பாஸ்போர்ட்டை எடுத்துத் தூசி தட்டும். இன்னொரு கூட்டம் புதிதாக ஏதாவது தொழில் செய்து பார்க்கும். நான் முதல் கூட்டம், அவர் இரண்டாவது. இரண்டு கூட்டமும் ஒரே சமையலறையில் சாப்பிட்டது.

கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்து, அதைப் புதுப்பிக்க மாட்டோம் என்று நிலச் சொந்தக்காரர்கள் மரியாதையாகச் சொல்லிவிட்ட பிறகு, நாங்கள் லவுட்டோக்காவில் நடபுவாவுக்குக் குடிவந்தோம். பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகையும் ஓர் அம்ரா மரமும் இருந்தன. அம்ராவை இங்கே ஃபிஜிக்காரர்கள் வீ என்பார்கள். பழுத்தாலும் புளிப்பை விடாத பழம். நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டில் நாங்கள் பேசுவது ஃபிஜி ஹிந்தி. தமிழ் கோயிலுக்கும் சண்டைக்கும். அந்த வருடம் நிறையத் தமிழ் பேசினோம்.

காரணம் இதுதான். எனக்கு ஆக்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, இரண்டு பேருக்கும் நியூசிலாந்தில் குடியேற விசாக் காகிதம் வந்துவிட்டது. வருடம் முடிவதற்குள் போய் இறங்க வேண்டும். எங்கள் ஒரே மகளும் அங்கேதான் இருந்தாள். என் தம்பியும் அங்கேதான். காகிதத்தை வாங்கி விளக்குக்கு முன்னால் வைத்துவிட்டு நான் திரும்பினால், இவர் சொன்னார்:

"நீ முன்னால போ. நான் இங்கியே இருந்து பீரு வேலயப் பாத்துக்கினு இருக்கறேன். அப்பறம் பாக்கலாம்."

அந்த 'அப்பறம் பாக்கலாம்' என்ன விலை என்று நடபுவாவில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஒரு ஆள் குறைவு. எதிர்வீட்டுக்காரர் தன் மனைவியைக் கடைசியாகப் பார்த்தது அவருடைய அம்மாவின் சாவில். மனைவி சிட்னியிலிருந்து வந்து, அழுது, எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்துவிட்டுப் போனாள். அவர்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. அப்புறம் பார்க்கலாம் என்றுதான் அவர்களும் சொல்லிக்கொண்டார்கள்.

இவருடைய நியாயமும் எனக்குத் தெரியாததல்ல. இங்கே பேங்கில் அதிகாரியாக இருந்த என் தம்பி அங்கே டாக்சி ஓட்டினான். "இந்த வயசுல போயி கோழி வெட்டற ஃபேக்டரில நிக்கச் சொல்றியா?" என்று இவர் கேட்பார். கோழி என்றாலே இவருக்கு ஆகாது. வளர்த்த கோழிகளைப் புயல் கொண்டுபோயிருந்தது. ஆக்லாந்தைப் பற்றி இவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. வீடு எங்கே, வெயிலா மழையா, ஒன்றும் இல்லை. தெரிந்துகொண்டால் பாதி தூரம் போனமாதிரி ஆகிவிடும் என்று பயந்தாரோ என்னவோ. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

பீருக்கு வருகிறேன். கோழிக்குப் பிறகு இவர் ஒரு தீவு ரிசார்ட்டில் பார் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டார். வெளிநாட்டு விருந்தாளிகள் பழம் போட்ட புளிப்பு பீரை டின் டின்னாக வரவழைத்துக் குடிப்பதைப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, "ஊறுகாத் தண்ணிமா அது! ஊறுகாத் தண்ணிக்கு வெள்ளக்காரன் கண்ண மூடிக்கினு தலய ஆட்டறான்" என்றார். அந்த வாரமே கொட்டகையைக் கழுவினார்.

செய்முறை கேட்பதற்குப் பெரிய வித்தை மாதிரி இருக்கும், பார்த்தால் சமையல்தான். மால்ட் என்கிற முளைகட்டிய பார்லியைக் கொதிக்க வைத்து, வெதுவெதுப்பாக ஆறியதும் அதில் ஒரு கரண்டி தயிரைக் கலந்து, போர்வை சுற்றி மூடி வைத்துவிடுவார். அது புளிக்கும். மறுபடி கொதிக்க வைத்து ஈஸ்ட் போட்டு, கடைசியில் அம்ராச் சாறு. எல்லாம் நன்றாக வந்தால் வாய் கூசும், கண் சுருங்கும், மறுபடி ஒரு மடக்கு குடிக்கத் தோன்றும். எனக்குப் பீர் பிடிக்காது. இது பிடித்தது. அதை நான் இவரிடம் சொல்லவில்லை.

தயிர் என்னுடையது. கல்யாணத்துக்கு அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த உறை. நான்கு கவிழ்ப்பு, எத்தனையோ புயல், குத்தகை போனது, எல்லாவற்றையும் தாண்டி வந்த தயிர். நான் கடையில் தயிர் வாங்கியவளே அல்ல. பாலில் ஊற்றி மூடுவேன், அவ்வளவுதான், ஆனால் தினமும் ஊற்றுவேன். ஒரு நாள் விட்டால் கோபித்துக்கொள்ளும்.

ரிசார்ட் மேலாளர் ஆஸ்திரேலியர், நல்ல மனிதர், முதுகுவரை சிவந்துபோனவர். இவருடைய பீரைக் குடித்துப் பார்த்துவிட்டு, அனுமதி விவகாரத்தையெல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகவும், பாரில் எப்போதும் வைக்க ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். ஒரு நிபந்தனை. போன வருடம் குடித்தவன் இந்த வருடம் வந்து கேட்டாலும் அதே ருசி இருக்க வேண்டும். ஆகவே தனித்தனியாக மூன்று தடவை காய்ச்ச வேண்டும், எது எப்போது காய்ச்சியது என்று தெரியாமல் நாலைந்து பேர் குடித்துப் பார்க்க வேண்டும், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். தானும் வருவதாகச் சொன்னார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் தமிழ் கொஞ்சம் உரக்கவே கேட்டது. கடைசியில் நான் சொன்னேன்: "சரி. மூணும் ஒண்ணா இருந்தா நீங்க இருங்க, நான் மட்டும் போறேன். வாயத் தொறக்க மாட்டேன். ஒண்ணு மாறினாலும் ரெண்டு பேரும் போறோம். நீங்களும் வாயத் தொறக்கக் கூடாது."

"செட்" என்றார். எங்கள் ஊரில் சரி என்பதற்கு அப்படித்தான் சொல்வோம். அவ்வளவு சுலபமாகச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. தன் பீர்மேல் அவ்வளவு நம்பிக்கை.

முதல் தடவை அவர் காய்ச்சியபோது நான் ஊரில் இல்லை. ஆக்லாந்து ஆஸ்பத்திரி கேட்ட மருத்துவப் பரிசோதனைக்காகத் தலைநகர் சூவா போய், அங்கே சமபுலாவில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தேன். போகும்போது தயிரில் தினமும் கொஞ்சம் பால் விடச் சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து அந்தத் தயிரைத் தேற்றி ஆளாக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இவரோ பீர் அபாரமாக வந்திருக்கிறது என்று துள்ளிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை நான் வீட்டில் இருந்தேன். விசேஷம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது தடவைதான் தெருவே சிரித்தது.

அன்று வெள்ளிக்கிழமை. நாந்தியிலிருந்து மால்ட் மூட்டையோடு வந்த இவரை ரோட்டில் பட்டாளத்துக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். மூட்டையைப் பிரித்து, முகர்ந்து, இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். மாட்டுத் தீவனம் என்று இவர் சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொன்னார். அதன்பிறகு அந்தப் பீரை எப்படிக் காய்ச்சுவது என்று அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து கொதிக்க வைத்து ஆற்றி முடிப்பதற்குள் நான் விளக்கு ஏற்றிவிட்டேன்.

விளக்கு வைத்த பிறகு தயிரை வீட்டுக்கு வெளியே கொடுக்கக் கூடாது. அதிலும் வெள்ளிக்கிழமை. லட்சுமி போய்விடுவாள் என்பார்கள். கொட்டகை வீட்டுக்கு வெளியேதான் இருந்தது. அதுவும் விற்பனைக்குப் போகப்போகிற சரக்கில் கலக்கிற தயிர். இவர் சமையலறை வாசல் வரை கரண்டியோடு வந்து நின்றார். என்னைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். கேட்கவில்லை. இவருக்கும் அது பழக்கம்தானே. கரண்டியோடு அப்படியே திரும்பிப் போனார்.

அடுத்த சந்தில் இருந்த தன் அக்காவிடம் போனார். என் நாத்தனார் புருஷனை இழந்து தனியாக இருப்பவர், யாருக்கும் பயப்படாதவர். "வெள்ளிக்கெழம வெளக்கு வச்ச நேரத்துல தயிர் கேட்டு வந்து நிக்கறியே, புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்று கதவைச் சாத்தியிருக்கிறார். பிறகு மூலை வீட்டுக்குப் போனார். அங்கே இருந்தவர் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர், கத்தோலிக்கர், சுவரில் மாதா படம். இவர்களுக்கு லட்சுமி பற்றிக் கவலை இருக்காது என்று இவர் கணக்கு. அந்த வீட்டு அம்மாள் மாதா படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியைக் காட்டி, "நாங்க வேதக்காரங்கதான் அண்ணா. ஆனா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழமதானே?" என்றாளாம்.

மால்ட் ஆறிக்கொண்டிருந்தது. இவர் கடைக்கு ஓடி டப்பாத் தயிர் வாங்கி வந்து ஊற்றினார். ஆக மூன்றாவது பீர் வேறு மாதிரிதான் இருக்கப்போகிறது என்று காலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன். சந்தோஷப்பட வேண்டியவள் நான்தான். ஆனால் இவர் சோர்ந்துபோய்க் கொட்டகைப் படியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, பாவம், மூன்றும் ஒன்றாகவே இருந்து தொலையட்டும் என்று ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டேன். அடுத்த நிமிஷம் அந்த வேண்டுதலை வாபஸ் வாங்கினேன்.

பரிசோதனை ஒரு சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டு முன்கூடத்தில் நடந்தது. ஒரே மாதிரி மூன்று எனாமல் ஜக், மூடி போட்டவை. ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர் கொடுத்தேன். ஒவ்வொரு ஜக்கின் அடியிலும் எத்தனையாவது பீர் என்று எழுதி ஒட்டிவிட்டு இவர் கொட்டகைக்குப் போய்விட வேண்டும், முடிவு தெரியும்வரை வரக்கூடாது. ஜக்குகளை இடம் மாற்றி வைக்கும் பொறுப்பு பக்கத்து வீட்டு ஃபிஜிக்காரருக்கு. ஓய்வுபெற்ற போலீஸ்காரர்; எல்லாக் கவிழ்ப்பின்போதும் டியூட்டியில் இருந்தவர், எதைப் பற்றியும் ஒன்றும் சொல்லாதவர். அடியைப் பார்க்காமல் மூன்றையும் மேஜைமேல் மாற்றி மாற்றி வைத்துவிட்டு, விறைப்பாகப் பக்கத்தில் நின்றுகொண்டார். குடித்துப் பார்க்க நான், நாத்தனார், மூலை வீட்டு ஃபிட்டர், மேலாளர், அப்புறம் அவரும்.

தப்பு நடந்தது பாத்திரத்தில். நிறத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று கண்ணாடி டம்ளர் வேண்டாம் என்று சொன்னேன். வீட்டில் கறுப்பாக இருந்தவை யங்கோனா என்கிற வேர்ப் பானம் குடிக்கிற தேங்காய்ச் சிரட்டைகள்தான், பிலோ என்போமே, அவை. சிரட்டையைக் கையில் கொடுத்துவிட்டால் எங்கள் ஊரில் ஒருவனுக்கு ஒரே ஒரு விதமாகத்தான் குடிக்கத் தெரியும். ஒரு தடவை கை தட்டி, வாங்கி, வாயை எடுக்காமல் அடிவரை ஒரே மூச்சில் குடித்து, மூன்று தடவை கை தட்ட வேண்டும். பாதியில் நிறுத்துவது மரியாதை இல்லை. ருசி பார்ப்பதற்கும் அந்தப் பழக்கத்துக்கும் சம்பந்தமே கிடையாது. இது எனக்கு முதல் சிரட்டை காலியான பிறகுதான் உறைத்தது.

மேலாளர் ஒரு சின்ன வாளியோடு வந்திருந்தார். ஒரு மடக்கு வாயில் வைத்துக் கொப்பளித்து வாளியில் துப்பினார். அதுதான் முறை என்று விளக்கினார். நாத்தனார் என் காதில், "வீட்டுக்கு வந்து குடுத்தத துப்பறாரு பாரு. பெத்தவங்க வளத்த லட்சணமா இது?" என்றார். நாத்தனார் பீரைக் கண்ணால் பார்த்ததே அன்றைக்குத்தான். முந்தானையை இறுக்கிக்கொண்டு, கஷாயம் குடிக்கிற முகத்தோடு, மூன்று சிரட்டையையும் முழுசாக முடித்தார். போலீஸ்காரர் ஒவ்வொருவருக்கும் தட்டினார். இரண்டாவது சுற்றில் மேலாளரும் தட்ட ஆரம்பித்தார். மூன்றாவது சுற்றில் வாளியை மறந்துவிட்டார்.

கருத்துக் கேட்டோம். ஃபிட்டர், மூன்றும் பிரமாதம், மூன்றும் ஒன்றேதான், சந்தேகம் இருந்தால் இன்னொரு சுற்று குடித்துச் சொல்வதாகச் சொன்னார். அவர் ஓட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அவர் பெண்சாதியே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

போலீஸ்காரர் நடுவில் இருந்த ஜக்கைத் தொட்டார். "ஈ தூஸ்ரா ஹை" என்றார். இது வேறு. அவர் எங்கள் வீட்டில் ஒரு விஷயத்தைப் பற்றித் தீர்மானமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நாத்தனாரும் அதையே காட்டினார். "ரெண்டு நல்லாருக்குது. இது மட்டும் யாரோ கோவத்துல காச்சின மாதிரி இருக்குது."

நான் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தேன். இடதும் வலதும் என் தயிர். ஆறின புளிப்பு, பின்னாலேயே அம்ரா. நடு ஜக்கில் அது இல்லை. முன்னுக்கு வந்து அடிக்கிற புளிப்பு, தொண்டையில் ஒரு கசப்பு. கடைத் தயிர்! எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. அம்மா வீட்டு உறையைச் சிரட்டைக்குள்ளேயும் கண்டுபிடித்துவிட்டேனே. "நடுவுல இருக்கறது வேற" என்றேன். நான் ஜெயித்துவிட்டேன், இவர் வருவார், என்று ஒரு பக்கம். கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் இதை எப்படிச் சொல்வது என்று மறுபக்கம்.

மேலாளர் தலையாட்டினார். அவருக்கும் நடு ஜக்தான். மூன்றும் நல்ல பீர், ஆனால் மூன்றும் ஒரே பீர் இல்லை, வருத்தம்தான், என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

இவரைக் கூப்பிட்டோம். வந்தார். எல்லார் முகத்தையும் பார்த்ததும் புரிந்துபோயிற்று. "எது?" என்றார். போலீஸ்காரர் காட்டினார். "வெள்ளிக்கெழமயா?" என்று கேட்டுக்கொண்டே நடு ஜக்கைத் தூக்கிக் கவிழ்த்தார். மிச்சம் இருந்தது மேஜையில் ஓடியது. யாரும் துடைக்கவில்லை. அடியில் பிளாஸ்டரில் ஒன்று என்று எழுதியிருந்தது.

மற்ற இரண்டையும் தூக்கிப் பார்த்தார். இரண்டு. மூன்று.

"அப்போ கடத் தயிரு தப்பிச்சிடுச்சா?" என்றார் ஃபிட்டர்.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான், மறைப்பானேன். இத்தனை வருஷம் குழந்தை மாதிரி வளர்த்த தயிரும் கடையில் டப்பாவில் விற்கிற தயிரும் என் நாக்குக்கே ஒன்றாக இருந்திருக்கின்றன. அந்த அவமானத்தில் மற்றது கொஞ்சம் தாமதமாகத்தான் மண்டையில் ஏறியது.

இவர் ஜக்கைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "மொத பீரு எப்பக் காச்சினேன்?" என்றார். இவருக்குத் தெரியாமல் இல்லை.

நாத்தனார் சொன்னார்: "இவ சூவா போயிருந்தா இல்ல? அப்பத்தான். ஏண்டா, தயிருக்குப் பாலு ஊத்தினியா?"

"மறந்துட்டேன்."

"எத்தினி நாளு?"

"அவ வர்ற வரைக்கும்."

போலீஸ்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மூன்று தடவை கை தட்டினார், சிரட்டை காலியானபோது தட்டுகிற மாதிரி. எல்லாரும் எழுந்துகொண்டார்கள். மேலாளர் வாளியை மறந்துவிட்டுப் போனார். அது ரொம்ப நாள் எங்கள் குழாயடியில் இருந்தது. நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, "டிக்கெட் ரெண்டாப் போடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தம்பியைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கொஞ்சம் கோணலாகத்தான் நடந்தார்.

விளக்கு வைத்தேன். இவர் குழாயடியில் உட்கார்ந்து சிரட்டைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சமையலறைக்குப் போய்ப் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, அன்றைக்கு உள்ளதை ஊற்றி மூடினேன். இந்த மனுஷன் என்னை விட்டுவிட்டு இருந்துவிடுவார் என்று அத்தனை மாதம் பயந்திருந்தேன். அந்தப் பயத்தைத் தமிழிலும் சொல்லவில்லை, ஹிந்தியிலும் சொல்லவில்லை, சண்டையாகவே போட்டுத் தீர்த்திருந்தேன். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன்.

இவர் ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றார். மூடியிருந்த பாத்திரத்தைப் பார்த்தார்.

"அங்க பாலு நல்லாருக்குமா?" என்றார்.

ஆக்லாந்தைப் பற்றி இவர் கேட்ட முதல் கேள்வி. எங்கள் மகள் குடித்து வளர்ந்த பால்பவுடர் டின் அத்தனையும் அந்த நாட்டிலிருந்து வந்ததுதான். கடையிலிருந்து சுமந்து வந்தவரே இவர்தான்.

"நல்லாருக்குமாம்" என்றேன்.

"தெனமும் ஊத்தணுமில்ல?"

"ஆமா. தெனமும்" என்றேன்.